மூன்று கிலோ சர்க்கரை

என் மகள் பிறந்தபோது அவள் எடை ஒரு கிலோ அறுநூற்றைம்பது கிராம்.

இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது. இது வெளியே தெரிந்தால் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்றுதான் முதல் வரியிலேயே போட்டேன். மருத்துவமனை அனுபவத்தை எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி, எல்லோரையும் மன்னித்து முடிப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நானும் சொல்வேன். மன்னிப்பு என்னிடம் இப்போதைக்கு ஸ்டாக் இல்லை.

என் பெயர் ஜெயசீலி. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பின்னால் மாவு மில் வைத்திருக்கிறேன். அரிசி, கேழ்வரகு, மிளகாய், மஞ்சள் எல்லாம் அரைப்போம். முன்பக்க மேஜையில் அப்பளம், வற்றல், மோர் மிளகாய் பாக்கெட் போட்டு விற்பேன். கணவர் சகாயம் மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஒரே மகள் பிரின்சி. கணவரின் அக்கா ஸ்டெல்லா, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர், சேலையூரில் தனியாக இருக்கிறார். அப்பா அம்மா போன பிறகு என் கணவரைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் அவர்தான். அதனால் அக்கா பகலை இரவு என்றால், இவர் போய் லைட்டைப் போடுவார்.

பிரின்சிக்கு ஏழாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர், "செல்போன் பாக்குறாளா?" என்று கேட்டார். எந்த வீட்டுப் பிள்ளை பார்க்காமல் இருக்கிறது? மாத்திரை எழுதினார். மேஜையில் பிரஷர் பார்க்கும் கருவி இருந்தது. அதை எடுத்து என் கையில் கட்டிப் பார்த்தார். "டென்ஷன் உங்களுக்குத்தாம்மா. பசங்களுக்கு எங்கேருந்து பிரஷர் வரும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டெல்லா அக்கா அதற்கும் ஒரு படி மேலே போனார். "ஆக்டிங் ஜெயா. யூனிட் டெஸ்ட் வந்தா கிளாஸுக்கே தலைவலி வரும். முப்பது வருஷம் பாத்திருக்கேன்" என்றார். பிரின்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகு அவள் வலியை எங்களிடம் சொல்வதையே நிறுத்திவிட்டாள். பிள்ளைக்குச் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, கரும்பலகையில் எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்றாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். பிறகு ஓர் இளம் டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார், மறுபடியும் வலதைப் பார்த்தார். பிறகு என்னிடம் எதுவும் சொல்லாமல் நர்ஸைக் கூப்பிட்டு, "பாப்பாவுக்கு பிபி பாருங்க, உடனே" என்றார்.

நூற்று அறுபத்தெட்டு, நூற்றுப் பன்னிரண்டு.

"மிஷின் தப்பா காட்டுது சார்" என்றேன். அவர் தானே இன்னொரு முறை பார்த்தார். அதே எண்தான். கண்ணின் உள்சுவரில் ரத்தக்குழாய்கள் இறுகி, இரண்டு இடத்தில் லேசாகக் கசிந்திருப்பதாகச் சொன்னார். "கண்ணாடி வேண்டாம்மா. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்குப் போய்ட்டுப் போறேன்னு போகாதீங்க." அவர் பெயர்கூடக் கேட்காமல் ஓடிவந்துவிட்டேன். என் முதல் நன்றி அவருக்கு.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் சேர்த்தோம். முதலில் நான் கற்றுக்கொண்டது பட்டை விஷயம். பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை பிள்ளையின் கைக்கு அளவாக இருக்க வேண்டும். பெரியவர்கள் பட்டையை ஒல்லிக் கையில் சுற்றினால் எண் குறைத்துக் காட்டும், சின்னப் பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் கூட்டிக் காட்டும். மேல் எண் இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது ஓய்வெடுக்கும்போது இருப்பது. நமக்குச் சொல்லும் நூற்றிருபது எண்பது கணக்கைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பார்ப்பதில்லை. வயது, உயரம், ஆணா பெண்ணா என்று வைத்து ஒரு அட்டவணை இருக்கிறது. அதில் பிரின்சியின் எண் எங்கே இருக்கிறது என்று நர்ஸ் விரல் வைத்துக் காட்டினார். விரல் அட்டவணையைத் தாண்டி மேஜையில் இருந்தது.

இரண்டு கையிலும் இரண்டு காலிலும் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். சாயந்திரம் சிறுநீரக டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் உயராது. பெரியவர்களுக்குப் பிரஷர் காரணமே இல்லாமலும் வரும், ஆனால் இந்த வயதில் இவ்வளவு ஏறினால் பின்னால் ஏதாவது காரணம் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்றார். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்.

"பொறக்கும்போது என்ன வெயிட்?"

"மூணு கிலோ டாக்டர்."

"மாசம் நெறஞ்சு பொறந்தாளா? இன்குபேட்டர்ல வெச்சாங்களா?"

என் பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா நின்றிருந்தார். அவர் கை என் முதுகில் இருந்தது.

"இல்ல டாக்டர். நார்மல்தான்" என்றேன்.

படிக்கிறவர்கள் காறித் துப்பலாம். நான் யோசித்துப் பொய் சொல்லவில்லை. யோசிக்காமலே வந்தது. பன்னிரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் படிவம், தடுப்பூசி அட்டை, உறவுக்காரர்களின் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். என் மில் தராசுக்கு வருடா வருடம் அரசாங்க முத்திரை வாங்குகிறேன். பத்து கிராம் தள்ளி நிறுத்தால் எனக்குத் தூக்கம் வராது. என் நாக்குக்கு முத்திரை போட யாரும் வரவில்லை.

அந்த மூன்று கிலோ எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் கர்ப்பமாக இருந்தபோது ஸ்டெல்லா அக்கா எங்கள் பங்குக் கோயிலில் ஒரு பொருத்தனை வைத்தார். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தால், பிறந்த எடைக்கு எடை சர்க்கரை காணிக்கை. பத்துப் பேர் காது கேட்க வைத்த பொருத்தனை. எனக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டது. பிரின்சி பிறந்தாள். கண்ணாடிப் பெட்டியில் பத்தொன்பது நாள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய முதுகு. உடம்பெல்லாம் குழாய். அக்கா கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு வந்தார். "எங்க வீட்ல இந்த மாதிரி பொறந்ததே இல்ல. நீ ஒழுங்கா சாப்பிடலையா ஜெயா?" என்றார். தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவர் பிள்ளையைத் தூக்கவில்லை. "உடைஞ்சிடும் போல இருக்கு. கொஞ்சம் தேறட்டும், அப்புறம் தூக்கறேன்" என்றார். நாலாம் மாதம் ஞானஸ்நானம் வைத்தோம். பாண்டி பஜாரில் பெரிய வெள்ளை ஃபிராக் வாங்கி, பிள்ளை பூசினாற்போல் தெரிய வேண்டும் என்று உள்ளே இரண்டு துண்டைச் சுற்றி, அதற்கு மேல்தான் கையில் வாங்கினார். காணிக்கைத் தட்டில் மூன்று கிலோ சர்க்கரை இருந்தது. ஒரு கிலோ அறுநூற்றைம்பது வைத்தால் ஊர் சிரிக்குமாம். "மூன்று கிலோ எடையுடன் பிறந்த பெண் குழந்தைக்காக நன்றி" என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். என் கணவர் தலை குனிந்து நின்றார். நானும் நின்றேன். பிறந்த மருத்துவமனையில் கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதத்தை அக்கா, "என்கிட்ட பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு நின்றதா? மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை எப்படி இருக்க வேண்டுமோ அப்படி ஆக்கிக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்தது. சாப்பிடவில்லையா என்று கேட்டவர் வாயை அடைக்க வேண்டும். நெய், பால், ராகிக் கூழ், முட்டை. ஒரு வாய் போதும் என்று அவள் தலையைத் திருப்பினால் தாடையைப் பிடித்து ஊட்டினேன். நாலு வயதில் தெருவிலேயே குண்டுப் பிள்ளை அவள்தான். மில்லில் உட்கார்ந்து மோர் மிளகாயும் அப்பளமும் நொறுக்குவாள். யாராவது "கொழு கொழுன்னு இருக்கா" என்றால் ஸ்டெல்லா அக்கா பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இரண்டாம் நாள் இதய ஸ்கேன். ரொம்ப நாளாக அழுத்தித் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது சுவர் தடித்திருந்தது. மறுநாள் வயிற்று ஸ்கேன். வலது சிறுநீரகம் சரியாக இருக்கிறது, இடது பக்கம் வயதுக்கு ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றார்கள். உடனே ஒரு பயிற்சி டாக்டர் வந்து கேட்டார்: "பர்த் வெயிட் எவ்ளோம்மா?" மூணு கிலோ. அடுத்த நாள் காலை ரவுண்டில் டாக்டரம்மா மறுபடி கேட்டார். "நல்லா ஞாபகம் இருக்கா?" மூணு கிலோ. ஒரு பொய்யை மூன்றாம் முறை சொல்லும்போது அதற்குத் தனியாகக் கால் முளைத்துவிடுகிறது. நான் நிறுத்தினாலும் அது நடக்கிறது.

வார்டு நாட்கள் ஒரே மாதிரி போயின. ஆறு மணிக்கு ஒரு முறை பிரஷர், அப்புறம் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பட்டையின் காற்றுச் சத்தத்தை வைத்தே எனக்கு நேரம் தெரிந்தது. உப்பில்லாச் சாப்பாடு. பிரின்சி ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இது இட்லியா, எரேசரா?" என்றாள். என் கணவர் வேலை முடிந்து வரும்போது தானும் மதியம் உப்பில்லாத சோறுதான் சாப்பிட்டதாகச் சொன்னார். நம்பவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சத்தை ருசி பார்த்தேன். உண்மைதான். அந்த மனிதருக்கு அக்காவை எதிர்த்துப் பேச வராது, ஆனால் மகளுக்காக வாயைக் கட்டத் தெரிந்தது. மில் மோட்டார் வாங்க வைத்திருந்த பணம் போயிற்று, என் சங்கிலியும் போயிற்று. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதாக இல்லை.

பக்கத்துக் கட்டிலில் கோவளத்திலிருந்து தனம் என்ற பெண், எட்டு வயது மகளோடு இருந்தாள். கணவர் கடலுக்குப் போகிறவர். மகளுக்கு முகமும் காலும் வீங்கும் சிறுநீரக நோய். பயிற்சி டாக்டர் அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவள் சத்தமாகச் சொன்னாள்.

"ரெண்டு கிலோ கூட இல்ல சார். எங்கவூட்டுக்காரு ஒத்தக் கையில வெச்சி தூக்கினு வந்தாரு. ஊரே வந்து பாத்துச்சு. இன்னாடா இது, நெத்திலியாட்டம் கீதுன்னாங்க. நெத்திலிதான், போங்கடான்னேன்."

டாக்டர் போன பிறகு அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்படிச் சொன்னப்போ கஷ்டமா இல்லையா?"

"எதுக்குக்கா? நெத்திலிக்கு இன்னா கொறச்சல்? உசுரோட கீது, அது போதாதா?" என்று சொல்லிவிட்டு மகளுக்குத் தலை பின்னப் போய்விட்டாள்.

நாலாம் நாள் மதியம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆஞ்சியோகிராம். தொடை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் வரை கொண்டுபோய், மருந்தைச் செலுத்திப் படம் எடுப்பார்கள். மயக்க மருந்து வேண்டும். ரத்தம் கசியலாம், குழாய் அடைபடலாம், அந்த மருந்தே சிறுநீரகத்துக்கு ஆகாமல் போகலாம் என்று ஒவ்வொன்றாக அச்சடித்திருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டும். மேலே நோயாளியின் விவரம் நாலு வரி. அதில் ஒரு வரி: பிறப்பு எடை மூன்று கிலோ, இன்குபேட்டர் இல்லை.

பிரின்சி எட்டிப் பார்த்து, "அம்மா, வலிக்குமா?" என்று கேட்டாள். அதுவரை ஒரு முறைகூட அவள் அப்படிக் கேட்டதில்லை.

பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தேன். மேலே 1650 என்று எழுதினேன். நேராக நர்ஸ் மேஜைக்குப் போய், "டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"மூணு தடவை கேட்டோமேம்மா."

"ஆமாம் டாக்டர்."

"எடை கொறஞ்சு பொறக்கறது என்ன திருட்டுக் குத்தமா, மறைக்கறதுக்கு?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கான சின்னச் சல்லடைகள் இருக்கின்றன. பெரும்பாலும் தாயின் வயிற்றில் கடைசி மாதங்களில்தான் அவை உருவாகின்றன. முன்னாலேயே, சின்னதாகப் பிறக்கும் பிள்ளைக்குச் சல்லடை குறைவாக இருக்கலாம். இருக்கிற கொஞ்சமும் கூடுதலாக உழைக்கும். அப்படிப் பிறந்த பிள்ளை பிறகு வேகமாகக் குண்டாகிவிட்டால் பாரம் இன்னும் ஏறும். எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகாது, பலர் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் இவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே வருடம் ஒரு முறையாவது பிரஷர் பார்த்திருக்க வேண்டும். "நீங்க உண்மையைச் சொல்லியிருந்தா எந்த டாக்டரும் பாத்திருப்பாங்க" என்றார். கிளினிக் டாக்டரை நான் நாலு நாளாக மனதுக்குள் வறுத்துக்கொண்டிருந்தேன். அந்த வாணலியில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

"இன்னொண்ணு. கண்ணாடிப் பெட்டியில இருந்தப்போ தொப்புள் வழியா குழாய் போட்டாங்களா?"

"நிறைய குழாய் இருந்துச்சு டாக்டர். எது எதுன்னு தெரியாது."

"தொப்புள்ல ரத்தக்குழாய்க்குள்ள போட்டிருந்தா, எப்பவாவது அதுல ரத்தம் கட்டி சிறுநீரகத்துக்குப் போற வழி அடைபடும். அந்தப் பக்கம் வளராம நின்னுடும். அதுதான்னு தெரிஞ்சா இந்த டெஸ்ட்டை இப்ப தள்ளிவெச்சிட்டு, சாதாரண ஸ்கேன்ல பாத்துட்டு மருந்துல போகலாம். பழைய டிஸ்சார்ஜ் பேப்பர் வேணும். நாளைக்குக் காலையிலதான் டெஸ்ட். அதுக்குள்ள கொண்டு வாங்க."

பிறந்த மருத்துவமனை இப்போது இல்லை. அந்தக் கட்டிடம் கல்யாண மண்டபமாகிவிட்டது. காகிதம் இருக்கிற ஒரே இடம் சேலையூர்.

கணவரை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் வெறுங்கையோடு வந்தார். "கிழிச்சுப் போட்டுட்டாங்களாம் ஜெயா. எப்பவோ கிழிச்சுட்டேன்னு சொல்றாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தலைமை ஆசிரியை காகிதத்தைக் கிழித்தாராம்! எட்டாம் வகுப்புப் பையன்களின் லீவ் லெட்டரைக்கூட பைண்ட் செய்து வைத்தவர். மில்லில் நான் கொடுக்கும் துண்டுச் சீட்டைக் கம்பியில் குத்தி வைப்பவர். அவர் பொய்தான் சொல்வார், ஆவணத்தை அழிக்க மாட்டார். தனத்திடம், "பாப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றேன். "நீ போய்னு வாக்கா, நான் கீறேன்" என்றாள். ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டெல்லா அக்கா கதவைத் திறந்தார். "என்ன ஜெயா, குழந்தையைத் தனியா விட்டுட்டு?" என்றார்.

"பேப்பர் குடுங்கக்கா."

"தம்பிகிட்ட சொல்லிட்டேனே."

"என்கிட்ட அந்தக் கதை வேணாம். உங்க பீரோவுல இருக்கு."

"ஜெயா, மரியாதையா பேசு. உன் குடும்ப மானத்துக்காகத்தான் நான் அன்னிக்கு அப்படிப் பண்ணேன். உன் பொண்ணை நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாதுன்னு."

"என் பொண்ணுக்கு நாளைக்குக் காலையில தொடையில ஓட்டை போடப் போறாங்கக்கா. உங்க மானம் எந்தப் பக்கம் நின்னு கையைப் பிடிச்சுக்கும்?"

நான் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் ஞானஸ்நானப் படம் மாட்டியிருந்தது. துண்டு சுற்றிய ஃபிராக்கோடு பிள்ளை, அவர் கையில்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மைக்கைப் பிடிச்சு ஒரு கிலோ அறுநூத்தம்பதுன்னு சொல்லட்டுமா, இல்ல பேப்பர் குடுக்கறீங்களா?"

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் உறை, அதன் மேல் அவருடைய மணி மணியான கையெழுத்தில் "பிரின்சி – பிறப்பு" என்ற சீட்டு. ஓரம்கூட மடங்கவில்லை. எடையைத் திருத்தவும் இல்லை. பன்னிரண்டு வருடம் உண்மையை இவ்வளவு சுத்தமாகப் பாதுகாத்துவிட்டு வெளியே பொய்யை ஓட்டியிருக்கிறார்.

"சொல்ல மாட்டேல்ல?" என்று கேட்டார்.

நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். சொல்ல மாட்டேன் என்று நான் எந்த இடத்திலும் வாக்குக் கொடுக்கவில்லை.

காகிதத்தில் எல்லாம் இருந்தது. தொப்புள் தமனியில் குழாய், ஐந்து நாள். டாக்டரம்மா அந்த வரியில் விரலை வைத்து, "இதான்மா" என்றார். தொடைக் குழாய் டெஸ்ட்டைத் தள்ளிவைத்தார்கள். பதிலாக, ஊசி போட்டுக் கேமராவின் கீழ் அசையாமல் படுக்கவைத்து ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகம் கொஞ்சமே வேலை செய்கிறது, வலது அதன் பங்கையும் சேர்த்துச் செய்கிறது. ரத்தம் போதவில்லை என்று இடது பக்கம் விடாமல் சமிக்ஞை அனுப்பியதில்தான் உடம்பு முழுக்க அழுத்தம் ஏறியிருக்கிறது. அந்தச் சமிக்ஞையை அடக்கும் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் நாள் பிரின்சியின் எண் முதல் முறையாக அட்டவணைக்குள் வந்தது. நர்ஸ் விரல் வைத்துக் காட்டினார். நான் அந்த விரலையே பிடித்துக்கொண்டு அழுதேன்.

மாத்திரை எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. குறையலாம், குறையாமலும் போகலாம். தேவைப்பட்டால் அந்தச் சின்னச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டியும் வரலாம். கண்ணில் கசிவு காய்ந்துவிட்டது. இதயச் சுவர் பழையபடி ஆக நாளாகும்.

வீட்டுக்கு வந்ததும் என் வேலையைத் தொடங்கினேன். முதலில் கிளினிக். டாக்டர் முன்னால் ரிப்போர்ட்டை விரித்து வைத்து, "சிரிங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பிள்ளைகளுக்கான பட்டை வாங்கி மேஜையில் வைத்திருக்கிறார் என்று கேள்வி. மில் முன்மேஜையில் இருந்த அப்பளத்தையும் மோர் மிளகாயையும் எடுத்துவிட்டேன். அது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை.

பிறகு ஸ்டெல்லா அக்கா. ஒவ்வொரு வருடமும் ஞானஸ்நான நாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் அவர் செலவில் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார். "எங்க பிரின்சி, மூணு கிலோவுல பொறந்தவ" என்று ஒவ்வொரு தொன்னையோடும் சேர்த்துக் கொடுப்பார். இந்த வருடமும் ஏற்பாடு செய்திருந்தார். நான் வாயே திறக்காததால் பயம் தெளிந்திருந்தது.

அன்று காலை மில்லைத் திறந்து, முத்திரை வாங்கிய தராசில் சர்க்கரை நிறுத்தேன். ஒரு கிலோ அறுநூற்றைம்பது. ஒரு சிட்டிகை கூடிற்று, எடுத்துவிட்டேன். துணிப்பையில் போட்டுக் கட்டினேன். பிரின்சி அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். அவளுக்கு எல்லாம் தெரியும், மருத்துவமனையிலேயே சொல்லிவிட்டேன்.

"இவ்ளோதானா நானு?"

"இவ்ளோதான்."

"நானே குடுக்கறேன்மா" என்றாள்.

பூசை முடிந்து கூட்டம் தொன்னையோடு நின்றது. ஞானஸ்நானத்தன்று ஒலிபெருக்கியில் வாசித்தபோது கேட்டவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். பிரின்சி நேராகப் போய் பையை ஸ்டெல்லா அக்காவின் இரண்டு கையிலும் வைத்தாள். கணீரென்று சொன்னாள்.

"அத்தை, நான் பொறந்தப்போ மூணு கிலோ இல்ல. ஒரு கிலோ அறுநூத்தம்பது கிராம். நீங்க அப்ப என்னைத் தூக்கவே இல்லையாமே. இப்ப தூக்கிப் பாருங்க."

பொங்கல் கரண்டி பிடித்திருந்தவர் கையை நிறுத்திவிட்டார். என் கணவர் இந்த முறை தலையைக் குனியவில்லை. ஸ்டெல்லா அக்கா பையைப் பார்த்தார், பிரின்சியைப் பார்த்தார். பையை வைக்க இடம் தேடி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பக்கத்திலேயே மேஜை இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். நகரவில்லை, கையை நீட்டவில்லை. இறக்கி வையுங்கள் என்று நான் சொல்லவில்லை.